அறளையா, நோயா? – மூளைக்குள் பார்க்கும் பெற் ஸ்கான்

"வயசு போனால் அறளை பேர்றது வழமைதானே, மிஸ். இதுக்கெல்லாம் டொக்டரிட்டைப் போறதே?"

மாதர் சங்கக் கூட்டங்களுக்குப் போகும் இடங்களில் நான் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. கேட்பவர் பெரும்பாலும் நாற்பது, ஐம்பது வயதுப் பெண்ணாக இருப்பார். கணவரைப் போரில் இழந்தவராகவோ, காணாமற்போனவரைத் தேடிக்கொண்டிருப்பவராகவோ இருப்பார். காலையில் கூலி வேலை, பின்னேரம் பிள்ளைகளின் படிப்பு, இவற்றுக்கு நடுவில் நினைவு தடுமாறிய தாயையோ மாமியாரையோ பார்க்கும் பொறுப்பும் அவர் தலையில்தான். அந்த முதியவர் ஒரே கேள்வியை ஒரு நாளில் இருபது தரம் கேட்பார். வைத்த இடம் மறந்த காப்பை மருமகள் களவெடுத்துவிட்டாள் என்று அயல் முழுவதும் கேட்கக் கத்துவார். மருமகள் அழுவார், சண்டை வரும், பேச்சு நின்றுபோகும். களவுப் பழி சொல்வதும் நோயின் ஒரு குணமாக இருக்கலாம் என்று அந்த வீட்டில் எவரும் எடுத்துச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

வேறொரு வகைத் தாய்மாரையும் நாம் அறிவோம். 2009-க்குப் பின்னர் திரும்பி வராத மகனுக்கு ஒவ்வொரு நாளும் ஒரு கோப்பை சோறு எடுத்து மூடி வைக்கிறார். அயலவர்கள் "மனுசிக்கு அறளை" என்கிறார்கள். அவருக்கோ மகன் பிறந்த திகதி, நேரம், கடைசியாகக் கண்ட இடம், அன்று உடுத்திருந்த சாரத்தின் நிறம் எல்லாம் துல்லியமாக ஞாபகம். இது மறதியல்ல, துயரம். அதே முற்றத்தில், அதே வயதில், இன்னொரு தாய் தன் மூத்த மகளின் பெயரையே மறந்துபோயிருக்கலாம். அது வேறு விடயம். இரண்டுக்கும் ஒரே பெயர் சூட்டி இரண்டையும் கவனிக்காமல் விடுவதுதான் எம்மிடையே நடக்கின்றது.

நான் படித்தது சமூகவியல், மருத்துவம் அல்ல. எனினும் இந்த இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது என்று தேடிப் படித்தபோது, மூளையை உயிரோடு படம் பிடிக்கும் பெற் ஸ்கான் என்ற கருவியின் கதை என்னை இழுத்துக்கொண்டது. பலர் இதன் பெயரைப் புற்றுநோயோடு சேர்த்துக் கேள்விப்பட்டிருப்பீர்கள். மகரகமை புற்றுநோய் வைத்தியசாலைக்கு இவ்வியந்திரம் வாங்குவதற்காக 2016-இல் நாடு முழுவதும் பொதுமக்களிடம் பணம் சேர்க்கப்பட்டது பலருக்கு நினைவிருக்கும். அதே வகை இயந்திரம் மூளையின் நோய்களைக் கண்டறியவும் பயன்படுகிறது.

முதலில் பழைய கதை. 1901-ஆம் ஆண்டு ஜேர்மனியின் பிராங்க்பேர்ட் நகர மனநல வைத்தியசாலையில் ஓகுஸ்டே டேற்றர் என்ற 51 வயதுப் பெண் சேர்க்கப்பட்டார். கணவர்மீது காரணமற்ற சந்தேகம், பொருட்களை ஒளித்து வைத்தல், சற்று முன் நடந்ததையும் மறத்தல் என்று அவருடைய நோய் தொடங்கியிருந்தது. கவனித்த வைத்தியர் அலோய்ஸ் அல்ஸைமர். 1906-இல் அந்தப் பெண் இறந்த பின்னரே, அவருடைய மூளையை வெட்டி நுணுக்குக்காட்டியில் பார்த்து, உயிர்க்கலங்களுக்கு வெளியே படிந்த திட்டுகளையும் உள்ளே முறுகிக் கிடந்த நார்களையும் அல்ஸைமர் கண்டார். திட்டுகள் அமிலோயிட் என்ற புரதத்தாலும், நார்முறுக்குகள் டோ என்ற புரதத்தாலும் ஆனவை என்று பின்னாளில் தெரியவந்தது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு காலம், அந்த நோயை முற்றாக உறுதிப்படுத்த ஒரே வழி இறந்தவரின் மூளையைப் பார்ப்பதுதான். உயிரோடிருக்கும்போது வைத்தியர் சொன்னதெல்லாம் அனுபவத்தை வைத்துச் சொன்ன கணிப்பு. குடும்பமோ கணிப்பு சரியா பிழையா என்று தெரியாமலே பல வருடங்கள் பராமரித்தது.

சீ.ரி. ஸ்கானும் எம்.ஆர்.ஐ. ஸ்கானும் வந்த பின்னர் மூளையின் வடிவத்தைப் பார்க்க முடிந்தது. கட்டி உண்டா, இரத்தம் கசிந்துள்ளதா, மூளை சுருங்கியிருக்கிறதா என்பவற்றை அவை காட்டும். ஆனால் மூளைச் சுருக்கம் தெளிவாகத் தெரியும்போது நோய் பெரும்பாலும் முற்றியிருக்கும். இரவில் தூரத்திலிருந்து ஊரைப் பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். வீடு நிற்கிறதா, கூரை இருக்கிறதா என்று சொல்வது சீ.ரி.யும் எம்.ஆர்.ஐ.யும். அந்த வீட்டுக்குள் விளக்கு எரிகிறதா என்று சொல்வது பெற் ஸ்கான். இடப்பெயர்வைக் கண்ட எமக்கு, நிற்கும் வீடெல்லாம் ஆள் இருக்கும் வீடல்ல என்பதை விளக்கத் தேவையில்லை.

வேலை செய்யும் முறை இதுதான். எமது உடல் நிறையில் மூளை ஏறத்தாழ 2 வீதம். ஆனால் உடல் செலவழிக்கும் சக்தியில் ஏறத்தாழ 20 வீதத்தை அதுவே எடுத்துக்கொள்கிறது. அதன் எரிபொருள் குளுக்கோசு. குளுக்கோசைப் போன்ற ஒரு சீனியில் கதிர்வீசும் புளொரின் அணுவை இணைத்து, மிகச் சிறிய அளவில் கை நரம்பில் ஏற்றுகிறார்கள். மூளையில் எந்தப் பகுதி சுறுசுறுப்பாக இயங்குகிறதோ அங்கே இந்தச் சீனி அதிகம் சேரும். கதிர்வீசும் அணுவிலிருந்து பொசித்திரன் என்ற நுண்துணிக்கை வெளிப்படும். அது அருகிலுள்ள இலத்திரனோடு மோதி இரண்டும் அழியும்போது இரண்டு கதிர்கள் நேரெதிர்த் திசைகளில் புறப்படும். தலையைச் சுற்றி வளையமாக இருக்கும் உணர்கருவிகள் இரண்டையும் ஒரே கணத்தில் பிடித்து, அவை எங்கிருந்து புறப்பட்டன என்று கணக்கிடுகின்றன. இப்படி இலட்சக்கணக்கான புள்ளிகள் சேர்ந்து ஒரு படமாகின்றன.

இந்தச் சீனியை உருவாக்கியவர்களில் ஒரு பெண்ணும் இருந்தார் என்பதை எமது வாசகிகளுக்குச் சொல்லியே ஆகவேண்டும். நியூயோர்க் மாநிலத்திலுள்ள புறூக்ஹேவன் ஆய்வுகூடத்தின் இரசாயனவியலாளர் ஜோனா பௌளர், தம் சக ஆய்வாளர்களோடு சேர்ந்து இதைத் தயாரித்தார். 1976-இல் இது சிறு விமானமொன்றில் பிலடெல்பியாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் முதன்முதலாக மனிதருக்கு ஏற்றப்பட்டது. விமானம் ஏன்? கதிர்வீசும் புளொரினின் பாதி 110 நிமிடங்களில் அழிந்துவிடும். அடுத்த 110 நிமிடங்களில் மீதியின் பாதி. ஆகவே ஓட்டப்பந்தயம் போலத்தான் இந்த வேலை, இன்றும். ஜோனா பௌளருக்கு அமெரிக்காவின் 2008-ஆம் ஆண்டுக்கான தேசிய விஞ்ஞானப் பதக்கம் வழங்கப்பட்டது.

சீனிப் படத்தில் ஒவ்வொரு நோயும் தன் தடத்தைக் காட்டும். அல்ஸைமர் நோயில் மூளையின் பக்கப்பகுதியும் பின்மேற்பகுதியும் மங்கும். சுபாவமே மாறி, வெட்கம் கூச்சம் இழந்து, வாய்க்கு வந்ததைப் பேசவைக்கும் முன்மூளைத் தேய்வு நோயில் முன்பகுதி மங்கும். இல்லாத ஆட்களைக் கண்முன் காணும் லூயி உடல் நோயில் பார்வைக்குரிய பிற்பகுதி மங்கும். இந்த வேறுபாடு வீட்டுக்கு ஏன் முக்கியம்? லூயி உடல் நோயுள்ளவருக்குப் "பேய் பிடித்தது" என்றோ "விசர்" என்றோ கருதிச் சில மனநோய் மாத்திரைகளைக் கொடுத்தால் உடல் விறைத்து உயிராபத்துக்கூட வரலாம். பெயர் சரியாகத் தெரிந்தால்தான் எதைக் கொடுக்கக்கூடாது என்பதும் தெரியும். நடுக்கவாதம் எனப்படும் பார்க்கின்சன் நோய்க்கும் தனியான மருந்து உண்டு. அதைக்கொண்டு உயிருள்ள மனிதரின் மூளையில் டோபமைனைக் கனடாவின் ஹமில்ரன் நகர ஆய்வாளர்கள் 1983-இலேயே படமாக்கிக் காட்டினார்கள்.

ஆயினும் சீனிப் படம் விளக்கு மங்குவதை மட்டுமே காட்டும். என்ன காரணத்தால் மங்குகிறது என்பதைத் தடத்தை வைத்து ஊகிக்க வேண்டும். கடுமையான மனச்சோர்வும் படத்தில் சில மாற்றங்களைக் காட்டலாம். அல்ஸைமர் கண்ட அந்தத் திட்டுகளை உயிருள்ளவரின் மூளையில் நேரடியாகப் பார்க்க முடியாதா என்று பிற்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் கிளங்க், செஸ்ரர் மதிஸ் ஆகிய இருவரும் பல ஆண்டுகள் முயன்றார்கள். இறந்தவர் மூளையின் திட்டுகளுக்கு நிறமூட்டப் பயன்பட்ட சாயமொன்றை எடுத்து, அது இரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையுமாறு மாற்றினார்கள். 2002-இல் சுவீடனின் உப்சாலா நகரில் அது முதன்முறையாக ஒரு நோயாளிக்கு ஏற்றப்பட்டது. 16 நோயாளிகளினதும் 9 நலமானவர்களினதும் படங்கள் 2004-இல் வெளியாகின. ஓகுஸ்டே டேற்றர் இறந்து 98 ஆண்டுகளின் பின்னர், வெட்டாமலே அந்தத் திட்டுகளை உலகம் கண்டது.

அதிலும் ஒரு சிக்கல். அந்தச் சாயத்தில் இணைத்திருந்த கதிர்வீசும் காபனின் பாதி 20 நிமிடங்களிலேயே அழிந்துவிடும். அதைத் தயாரிக்கும் பெரும் இயந்திரம் அதே வளவுக்குள் இருந்தால்தான் பயன். ஆகவே புளொரின் இணைத்த புதிய மருந்துகளைத் தேடினார்கள். 2012-இல் அவற்றில் முதலாவதற்கு ஐக்கிய அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. டோ புரதத்தைக் காட்டும் மருந்து 2020-இல் அனுமதி பெற்றது. நினைவு தவறும் வேகத்தோடு அமிலோயிட்டை விட டோவே நெருங்கிப் போகிறது என்பதால் இது பெரிய முன்னேற்றம்.

இயந்திரமும் திருந்திக்கொண்டே வருகிறது. வழமையான பெற் படத்தில் 4, 5 மில்லிமீற்றருக்குக் குறைந்த நுணுக்கங்கள் ஒன்றோடொன்று கலந்து மங்கிவிடும். மூளையின் வெளிப்படையோ 2 முதல் 4 மில்லிமீற்றர் தடிப்புத்தான். இதைவிடப் பெரிய தொல்லை தலை அசைவு. நினைவு தடுமாறிய ஒருவரை இயந்திரத்துக்குள் படுக்கவைத்து "அசையாதையுங்கோ" என்றால் எத்தனை நிமிடம் கேட்பார்? அசைந்தால் படம் கலங்கும், நோய் இல்லாத இடம் நோய்போலத் தெரியலாம். இப்போது தலையின் அசைவைக் கமெரா மூலம் தொடர்ந்து பார்த்து, கணினி படத்தைத் திருத்துகிறது. யேல் பல்கலைக்கழகமும் கலிபோர்னியாவின் டேவிஸ் வளாகமும் சேர்ந்து உருவாக்கிய, மூளைக்கென்றே ஆன ஸ்கானர் 2 மில்லிமீற்றருக்கும் குறைந்த நுணுக்கத்தைப் பிரித்துக் காட்டுகிறது. படத்தை வாசிப்பதிலும் முன்பு ஆளுக்காள் வேறுபாடு இருந்தது. 2015-இல் சென்ரிலோயிட் என்ற பொது அளவுகோல் வந்தது. அதில் இளம் வயதினரின் சுத்தமான மூளை 0, அல்ஸைமர் நோயாளியின் சராசரி 100. எந்த நாட்டில் எந்த மருந்தால் எடுத்த படமென்றாலும் ஒரே எண்ணில் பேசலாம்.

இந்தப் படங்களால் நோயாளிக்கு உண்மையில் என்ன மாறியது? ஐக்கிய அமெரிக்காவில் 11,000-க்கும் மேற்பட்ட முதியவர்களிடம் செய்த ஆய்வொன்றின் முடிவு 2019-இல் வெளிவந்தது. அமிலோயிட் படத்தைப் பார்க்க முன்னும் பார்த்த பின்னும் வைத்தியர்கள் தமது கணிப்பை எழுதினார்கள். அல்ஸைமர் என்று முதலில் எழுதிவிட்டு, படத்தைப் பார்த்தபின் அல்ல என்று மாற்றியது மட்டும் நூற்றுக்கு 25 பேரில். அல்ல என்று எழுதி, பின்னர் ஆம் என்று மாற்றியது நூற்றுக்கு 10 பேரில். ஐந்தில் மூன்று பங்கினருக்குச் சிகிச்சைத் திட்டமே மாறியது. தேர்ந்த நரம்பியல் நிபுணர்களின் கணிப்பே இவ்வளவு தூரம் மாறியதென்றால், வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து "அறளை" என்று சொல்லும் எமது தீர்ப்பின் பெறுமதி என்ன?

படத்தையும் கண்மூடி நம்ப முடியாது. நினைவு நன்றாக இருக்கும் முதியவர்களிலும் ஐந்தில் ஒருவருக்காவது மூளையில் அமிலோயிட் படிந்திருக்கும். அவர்களில் பலர் கடைசிவரை தெளிவோடு வாழ்ந்து போவார்கள். ஆகவே மறதி எதுவும் இல்லாதவர் பயத்தில் போய் ஸ்கான் எடுப்பதை நிபுணர்கள் ஏற்பதில்லை. படத்தில் அமிலோயிட் இல்லையென்றால் அல்ஸைமர் இல்லை என்று ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். இருந்தால், வேறு சான்றுகளோடு சேர்த்துத்தான் பேசவேண்டும். 2023-இல் ஐக்கிய அமெரிக்காவில் முழு அனுமதி பெற்ற லெக்கனமாப் என்ற மருந்து அமிலோயிட்டை அகற்றுகிறது. 18 மாதங்களில் நோயின் வேகத்தை ஏறத்தாழ 27 வீதம் குறைத்தது, நிறுத்தவில்லை. மூளை வீக்கமும் இரத்தக்கசிவும் சிலருக்கு ஏற்படுகின்றன. விலையோ சாதாரண குடும்பம் நினைத்தும் பார்க்க முடியாதது. 2025-இல் அல்ஸைமருக்கான இரத்தப் பரிசோதனை ஒன்றுக்கும் அங்கே அனுமதி கிடைத்திருக்கிறது. எம்மைப் போன்ற நாடுகளுக்கு நாளை முதலில் எட்டக்கூடியது ஸ்கானை விட அந்த இரத்தத் துளிதான் என்பது என் எண்ணம்.

சங்கிலியை அடைவு வைக்க வேண்டுமா?

இதையெல்லாம் ஒரு கூட்டத்தில் சொன்னபோது ஒரு சகோதரி கேட்டார்: "அப்ப கொழும்புக்குக் கூட்டிக்கொண்டுபோய் இந்த ஸ்கானை எடுக்கத்தான் வேணுமோ, மிஸ்? சங்கிலியை அடைவு வைச்சால் காணுமோ?"

வேண்டாம் அக்கா, முதலில் அதுவல்ல. பெற் ஸ்கான் எடுக்கும் நாடுகளிலும் அது முதலாவது பரிசோதனை அல்ல, மற்றெல்லாம் பார்த்த பின்னும் சந்தேகம் தீராதபோது நிபுணர் கேட்பது. அதற்கு முன் பார்க்க வேண்டியவற்றை அரசாங்க வைத்தியசாலையிலேயே தொடங்கலாம். தைரொயிட் சுரப்புக் குறைந்தால் மறதி வரும். விற்றமின் பி12 குறைந்தால் வரும். நீரிழிவு மாத்திரை கூடிச் சீனி இறங்கினால் தடுமாற்றம் வரும். முதியவர்களுக்குச் சலத்தில் கிருமித் தொற்று ஏற்பட்டால் ஓரிரு நாட்களிலேயே புத்தி மாறாட்டம் வரும். பல மாதங்களாக விழுங்கும் நித்திரைக் குளிசையாலும் வரும். கீழே விழுந்து தலை அடிபட்டு, மெதுவாக இரத்தம் தேங்கியும் வரும், அதைச் சீ.ரி. ஸ்கானே காட்டும். காது கேளாதவர் கேள்விக்குப் பொருந்தாத பதில் சொல்வதை மறதியென்று நினைப்போரும் உண்டு. இவை எல்லாமே கவனித்தால் திருந்தக்கூடியவை, அல்லது பெருமளவு குறையக்கூடியவை.

மனச்சோர்வும் அப்படித்தான். சாப்பாட்டில் விருப்பமில்லை, நித்திரை இல்லை, எதைக் கேட்டாலும் "தெரியாது" என்ற பதில். பார்ப்பவருக்கு மறதி நோய் போலவே இருக்கும். மனநல கிளினிக்கில் சிகிச்சை பெற்றுச் சில மாதங்களில் ஞாபகம் திரும்பியவர்களை நானே கண்டிருக்கிறேன். போரின் உளத்தாக்கம் நீண்டகாலம் தீராமலிருப்பவர்களுக்கு முதுமையில் மறதி நோய் வரும் ஆபத்து மற்றவர்களைவிட அதிகம் என்று 2020-இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள், 13 ஆய்வுகளைத் தொகுத்து எழுதினார்கள். இதைப் படித்துப் பயப்பட வேண்டியதில்லை; ஆபத்து அதிகம் என்றால் கட்டாயம் வரும் என்று அர்த்தமில்லை. ஆனால் "நடந்தது நடந்துபோச்சு, இனி ஏன் கிளினிக்" என்று உளவளத்துணையைத் தள்ளிப்போடுபவர்கள் இதை ஒருமுறை யோசிக்கலாம். 2024-இல் லான்செற் மருத்துவச் சஞ்சிகையின் நிபுணர் குழு, இரத்த அழுத்தம், நீரிழிவு, காது கேளாமை, பார்வைக் குறைவு, தலைக்காயம், மனச்சோர்வு, தனிமை உட்பட 14 காரணிகளைச் சொல்லி, அவற்றைக் கவனித்தால் உலகின் மறதி நோய்களில் 45 வீதம் வரை தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்று மதிப்பிட்டது. கண்புரைச் சத்திரசிகிச்சை அந்தக் கணக்கில் வருகிறது என்றால் எத்தனை பேர் நம்புவார்கள்!

பின்னொரு காலத்தில் நிபுணர் பெற் ஸ்கானை எழுதித் தந்தால் பயப்பட ஒன்றுமில்லை. சீனிப் படத்துக்குச் சில மணி நேரம் பட்டினி இருக்கவேண்டும், தண்ணீர் குடிக்கலாம். ஊசி ஏற்றியபின் அரை மணி நேரம் அளவில் மங்கலான, சத்தமில்லாத அறையில் பேசாமல் இருக்க வேண்டும். பேச்சுக் கொடுத்தால் பேச்சுக்குரிய மூளைப் பகுதி சீனியை இழுத்துக்கொள்ளும். நீரிழிவு உள்ளவர் இரத்தச் சீனியைக் கட்டுப்படுத்திக்கொண்டே போகவேண்டும். உடலில் சேரும் கதிர்வீச்சு, இயற்கையில் சில வருடங்களில் நாம் பெறும் அளவுக்குள்தான். துணைக்குப் போகும் மகளோ மருமகளோ கர்ப்பமாக இருந்தால் முன்கூட்டியே சொல்லி, அன்று வேறொருவரை அனுப்புங்கள்.

எம்மவருக்கென்றே சொல்லவேண்டிய ஒன்று இருக்கிறது. மறதிக்காக முதலில் எழுதப்படும் ஸ்கான்களில் எம்.ஆர்.ஐ.யும் ஒன்று. அது பலமான காந்தம். உடம்பில் செல் துண்டு இருந்தால், குறிப்பாகக் கண்ணுக்கோ மூளைக்கோ முள்ளந்தண்டுக்கோ அருகில் இருந்தால், காந்தம் அதை அசைக்கவும் சூடாக்கவும் கூடும். பெற் ஸ்கானிலும் சீ.ரி.யிலும் காந்தம் இல்லை. உலோகத்துக்கு அருகில் படம் சற்றுப் பழுதாகலாம், அவ்வளவுதான். மறதியுள்ள முதியவர் தன் உடம்பில் துண்டு இருப்பதையே மறந்திருப்பார். காயம் ஆறி முப்பது வருடமாகியிருக்கும், வெளியே தழும்பும் தெரியாது. வீட்டிலுள்ளவர்தான் ஞாபகமாகச் சொல்லவேண்டும்.

ஆகவே கிளினிக்குக்குப் போக முன்னர் பிள்ளைகளின் அப்பியாசக் கொப்பியில் ஒரு தாள் கிழித்து எழுதுங்கள். மறதி எந்த மாதத்தில் தொடங்கியது, திடீரென்றா மெல்ல மெல்லவா, வழி தவறினாரா, இல்லாத ஆளைக் கண்டாரா, யார்மீதும் பழி சொல்கிறாரா, சாப்பிடுகிறாரா, உறங்குகிறாரா. குடிக்கும் மாத்திரை எல்லாவற்றையும் உறையோடு ஒரு பையில் போட்டுக்கொள்ளுங்கள். யாரை இழந்தார், எப்போது இழந்தார் என்பதையும் எழுதுங்கள். வைத்தியருக்கு அது தேவை. செல் துண்டு இருந்தால் அதை முதல் வரியிலேயே எழுதி, கீழே கோடு போடுங்கள்.